டிஎன்ஏ பழுதும் அதைத் தடவிக் கண்டுபிடிக்கும் நொதிகளும்

மலேசியாவின் பீடோங்கில், பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் ஒரு தம்பி ஊதா நிறச் சாற்றைப் பாட்டிலில் அடைத்து விற்றுக்கொண்டிருந்தார். டிஎன்ஏவில் ஏற்படும் சேதத்தைச் சரிசெய்யும் என்று லேபிளில் போட்டிருந்தது. எந்தச் சேதத்தை என்று கேட்டேன். “எல்லாத்தையும்தான் அண்ணே” என்றார். விலை கேட்காமல் நகர்ந்துவிட்டேன்.

எல்லாச் சேதத்தையும் சரிசெய்யும் ஒரே பொருள் நம் செல்லுக்குள்ளேயே கிடையாது. அங்கே இருப்பவை பல நொதிகள். ஒவ்வொன்றுக்கும் சில வகைச் சேதம்தான் பிடிபடும். மற்றவை காலடியில் கிடந்தாலும் தாண்டிப் போய்விடும். நொதிக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது. எது சரி, எது பிழை என்ற அறிவும் அதற்குக் கிடையாது. ஒரு மூலக்கூறில் மின்சுமை எங்கே இருக்கிறது, ஹைட்ரஜன் எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது, எந்தப் பிணைப்பு தளர்ந்திருக்கிறது, இவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஆகவே ஒரு சேதம் சரியாகுமா, எவ்வளவு சீக்கிரம் சரியாகும், யார் வந்து சரிசெய்வார் என்பதையெல்லாம் சேதத்தின் வேதியியலே முடிவு செய்துவிடுகிறது. படிவம் ஆறு உயிரியல் பாடத்தில் வேகமாகக் கடந்துபோகிற இடம் இது. கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

டிஎன்ஏவின் நான்கு எழுத்துகள் தெரிந்ததே: அடினின், தைமின், குவானின், சைட்டோசின். அடினினுக்கு எதிரில் தைமின், குவானினுக்கு எதிரில் சைட்டோசின். ஒவ்வொரு எழுத்தும் முதுகெலும்பில் இருக்கும் ஒரு சர்க்கரையோடு ஒரே ஒரு பிணைப்பால் ஒட்டியிருக்கிறது. இந்தப் பிணைப்பை மறந்துவிடாதீர்கள், கதை முழுக்க இதைச் சுற்றித்தான் வரும். டிஎன்ஏ கல்வெட்டு மாதிரி அசையாமல் இருக்கும் என்றுதான் வெகுகாலம் நம்பியிருந்தார்கள். சுவீடனைச் சேர்ந்த டோமஸ் லிண்டால் 1970-களில் அந்த நம்பிக்கையை உடைத்தார். வெளியிலிருந்து ஒன்றும் வந்து தாக்க வேண்டாம். உடம்புச் சூட்டில், தண்ணீரில், சும்மா இருந்தாலே ஒரு செல்லில் நாள் ஒன்றுக்குச் சுமார் 10,000 எழுத்துகள் சர்க்கரையை விட்டுக் கழன்று விழுகின்றன என்று அவர் கணக்கு வந்தது. இப்படி இருந்தும் நாம் உயிரோடு இருக்கிறோம் என்றால் பழுதுபார்க்க யாரோ இருந்தாக வேண்டும் என்று தேடினார், கண்டுபிடித்தார். 2015-இல் பால் மோட்ரிச், அசீஸ் சான்ஜார் ஆகியோருடன் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. மருத்துவத்துக்கான பரிசு அல்ல, வேதியியலுக்கானது என்பதைக் கவனியுங்கள். சரியான இடத்தில்தான் கொடுத்தார்கள் என்பது என் கருத்து.

சும்மா இருந்தாலே இவ்வளவு. நாமாகத் தேடிக்கொள்வது தனி. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் இன்னும் சில பாட்டிமார் வெற்றிலைப் பெட்டியோடு வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். காம்பைக் கிள்ளி எறிந்து, சுண்ணாம்பை விரல் நுனியில் தொட்டு இலையின் முதுகில் தடவி, சீவிய பாக்கு வைத்து, கடைசியில் ஒரு துண்டுப் புகையிலை. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடம்தான் மற்ற இனத்தாரைவிட அதிகம் என்பதைப் புற்றுநோய்ப் பதிவேடு தொடர்ந்து சொல்லிவருகிறது. அதிலும் பெண்களின் நிலைமை மோசம். புகையிலை இல்லாமல் வெறும் பாக்கு வெற்றிலை போட்டாலும் புற்றுநோய் வரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட தொகுதியில் உறுதியாகச் சொல்லிவிட்டது.

ஒரே வாய் வெற்றிலையில் இரண்டு விதமான வேதியியல் நடக்கிறது. சுண்ணாம்பு எச்சிலைக் காரமாக்குகிறது. அந்தக் காரத்தில் பாக்கின் துவர்ப்புப் பொருள்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சிதையும்போது, எலக்ட்ரான் கணக்கு தப்பிய ஆக்சிஜன் வகைகள் உண்டாகின்றன. இவை குவானினைக் கடிக்கும். இன்னொரு பக்கம் புகையிலையிலும் பாக்கிலுமிருந்து வரும் நைட்ரோசமின்கள் என்ற நச்சுப் பொருள்கள் டிஎன்ஏவில் மெத்தில் (ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன்) போன்ற சிறு அணுக் குழுக்களைக் கொண்டுபோய் ஒட்டும். முதல் சேதத்தைச் சரிசெய்யும் நொதிக்கு இரண்டாவதைத் தெரியாது. இரண்டாவதைச் சரிசெய்வதற்கும் முதலாவதைத் தெரியாது.

முதலில் குவானின். நான்கு எழுத்துகளில் எலக்ட்ரானை எளிதில் பறிகொடுப்பது இதுதான், அதனால் ஆக்சிஜன் அடி முதலில் இதற்கே விழுகிறது. விழுந்தபின் உண்டாவது 8-ஆக்ஸோகுவானின். பழைய குவானினுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் மிகச் சிறியது: எட்டாம் இடத்தில் ஓர் ஆக்சிஜன் கூடியிருக்கும், ஏழாம் இடத்து நைட்ரஜனில் ஒரு ஹைட்ரஜன் ஏறியிருக்கும். அவ்வளவுதான். சைட்டோசினோடு அது முன்போலவே ஜோடி சேரும், இழை வளைவதும் இல்லை, வீங்குவதும் இல்லை. ஆனால் புது ஆக்சிஜன் சர்க்கரையோடு இடிப்பதால் இந்த எழுத்துக்குத் தலைகீழாகத் திரும்பிக்கொள்ளும் குணம் வந்துவிடுகிறது. திரும்பிவிட்டால் அடினினோடு கச்சிதமாகப் பொருந்தும். டிஎன்ஏ நகலாகும் நேரத்தில் இப்படி நடந்தால், குவானின் இருந்த இடத்தில் அடுத்த தலைமுறை செல்லில் தைமின் வந்து உட்காரும்.

இதைக் கண்டுபிடிக்கும் மனித நொதியின் பெயர் ஓஜிஜி1. 300 கோடி எழுத்துகளில், பார்க்க அப்படியே இருக்கும் ஒன்றை இது எப்படிப் பிடிக்கிறது? ரப்பர்த் தோட்டத்தில் மண்டோர் நிரை நிரையாக நடந்து, வெட்டுப் பட்டையில் காயம் விழுந்திருக்கிறதா என்று மரம் மரமாகத் தடவிப் பார்ப்பாரே, கிட்டத்தட்ட அந்த வேலைதான். நொதி டிஎன்ஏ மேல் வழுக்கிக்கொண்டே போய், சந்தேகப்படும் எழுத்தை இழையிலிருந்து வெளியே புரட்டித் தன் குழிக்குள் இழுத்துப் பார்க்கிறது. ஹார்வர்டில் கிரெகரி வெர்டைனின் குழு இந்தக் குழியின் படத்தை 2000-இல் எடுத்தது. பார்த்தவர்கள் எதிர்பார்த்தது, நொதி அந்தப் புது ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்று. அது ஆக்சிஜனைச் சட்டை செய்யவே இல்லை. ஏழாம் இடத்தில் ஏறிய அந்த ஒற்றை ஹைட்ரஜனைத்தான் பிடித்திருந்தது. நல்ல குவானினில் அதே இடத்தில் ஹைட்ரஜனுக்குப் பதில் எலக்ட்ரான் ஜோடி இருக்கும். குழியில் எதிரே இருக்கும் ஆக்சிஜனிலும் எலக்ட்ரான் ஜோடிதான். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும், நல்ல எழுத்து உள்ளே நிற்க முடியாமல் திரும்பிவிடும். ஒரு ஹைட்ரஜன் அணு இருக்கிறதா இல்லையா என்பதில் முழுத் தீர்ப்பும் அடங்கியிருக்கிறது.

இன்னொரு நுணுக்கம். எதிரில் சைட்டோசின் இருந்தால்தான் ஓஜிஜி1 வெட்டும். எதிரில் அடினின் இருந்தால் தொடுவதில்லை என்றே சொல்லலாம். அது நல்லதுதான், ஏனென்றால் அந்த நிலையில் குவானினை எடுத்துவிட்டால் தப்பாக வந்த அடினினே நிரந்தரமாகிவிடும். அங்கே வேறொரு நொதி வருகிறது. மனிதர்களிடம் அதன் பெயர் மியூட்-ஒய்-எச். அது செய்வது விநோதமான வேலை: சேதமான எழுத்தை விட்டுவிட்டு, எதிரில் இருக்கும், எந்தக் குறையும் இல்லாத அடினினை வெட்டி எறிகிறது. காலியான அந்த இடத்தில் மற்ற நொதிகள் சைட்டோசினை வைத்ததும் ஓஜிஜி1 வந்து தன் பங்கை முடிக்கும். இந்த ஏற்பாடு குலைந்தால் என்ன ஆகும் என்பது 2002-இல் தெரிந்தது. பெருங்குடலில் கட்டிகள் நிறைய வந்த ஒரு குடும்பத்தை பிரிட்டனின் கார்டிஃப் நகரில் ஆராய்ந்தபோது, கட்டியில் ஏற்பட்டிருந்த மாற்றங்களில் பெரும்பாலானவை குவானின் இருக்க வேண்டிய இடத்தில் தைமின் வந்தவையாக இருந்தன. இப்படிப்பட்ட மாற்றத்தை எந்தச் சேதம் உண்டாக்கும் என்ற வேதியியல் தெரிந்திருந்ததால் நேரே மியூட்-ஒய்-எச் மரபணுவைப் போய்ப் பார்த்தார்கள். தாய், தந்தை இருவழியிலும் வந்த இரண்டு பிரதியும் கெட்டிருந்தன.

சரி, கண்டுபிடித்தாகிவிட்டது. வெட்டுவது எப்படி? முன்பு சொன்ன அந்தச் சர்க்கரைப் பிணைப்புக்கு இப்போது வருவோம். எழுத்து சர்க்கரையை விட்டுப் போகும்போது, பிணைப்பில் இருந்த இரண்டு எலக்ட்ரான்களையும் தன்னோடு எடுத்துக்கொண்டு போகிறது. அப்படி வரும் எதிர்மின் சுமையைத் தாங்கக்கூடிய எழுத்து லேசாகக் கழலும், தாங்க முடியாதது ஒட்டிக்கொண்டே இருக்கும். வேதியியல் மாணவர்களுக்கு இது புதிதல்ல: ஹைட்ரஜனை விட்டுவிட்டு எதிர்மின் சுமையோடு நிற்கக்கூடியதுதான் நல்ல அமிலம், எது நல்ல அமிலமோ அது சுலபமாகப் பிரியும்.

இதை மிகத் தெளிவாகக் காட்டும் எழுத்து யூராசில். சைட்டோசின் தண்ணீரோடு வினைபுரிந்து தன் அமினோ குழுவை இழந்தால் யூராசிலாகிவிடும். ஒரு செல்லில் தினமும் நூற்றுக்கணக்கில் இது நடக்கிறது. யூராசில் டிஎன்ஏவுக்கு உரிய எழுத்தல்ல, ஆர்என்ஏவுக்கு உரியது. ஆகவே டிஎன்ஏவில் எங்கே கண்டாலும் வெட்டலாம், யோசிக்க வேண்டியதில்லை. 1974-இல் லிண்டால் முதன்முதலில் பிடித்த நொதி இதை வெட்டுவதுதான். யூராசிலுக்கும் தைமினுக்கும் ஒரே ஒரு மெத்தில் குழுதான் வித்தியாசம். நொதியின் குழிக்குள் 147-ஆவது இடத்திலிருக்கும் டைரோசின் என்ற அமினோ அமிலம் அந்த மெத்தில் வந்து இடிக்கும்படி நிற்கிறது. தைமின் நுழைய முடியாது. அந்த டைரோசினை ஆய்வகத்தில் மாற்றிச் சிறிய அமினோ அமிலம் ஒன்றை வைத்தபோது, நொதி தைமினையும் வெட்டத் தொடங்கியது. டிஎன்ஏ ஏன் யூராசிலை விட்டுத் தைமினை வைத்துக்கொண்டது என்ற பழைய கேள்விக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. மெத்தில் இருப்பது சொந்த எழுத்து, இல்லாதது கெட்டுப்போன சைட்டோசின்.

இந்த நொதியின் வேகம் அசாத்தியமானது. தானாக நடப்பதைவிட ஒரு மில்லியனின் மில்லியன் மடங்கு. யூராசிலின் முதல் நைட்ரஜனின் அமிலத்தன்மை எண் தண்ணீரில் சுமார் 9.8, நொதியின் குழிக்குள் போனதும் சுமார் 6.4-க்கு இறங்கிவிடுகிறது (எண் குறையக் குறைய அமிலம் வலுக்கும்). அதாவது எதிர்மின் சுமையோடு இருப்பது அங்கே யூராசிலுக்குச் சிரமமில்லை. அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜீஹியுன் லீ இதை இன்னொரு கோணத்தில் பார்த்தார். நொதிக் குழி தண்ணீர் அதிகம் இல்லாத இடம். அப்படியானால் தண்ணீரே இல்லாத வாயு நிலையில் இந்த எழுத்துகளின் அமிலத்தன்மையை அளந்தால் என்ன? யூராசிலில் அமில ஹைட்ரஜன் இரண்டு உண்டு, முதல் நைட்ரஜனில் ஒன்று, மூன்றாவதில் ஒன்று. தண்ணீரில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. வாயு நிலையில் முதலாவது மிகவும் முந்திவிட்டது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு ஈடாக நின்றது. சர்க்கரை ஒட்டியிருப்பது அந்த முதல் நைட்ரஜனில்தான். சேதமான எழுத்துகள் வறண்ட குழிக்குள் நல்ல எழுத்துகளைவிட லேசாகக் கழல்வதை நொதிகள் பயன்படுத்திக்கொள்கின்றன என்பது அவர் வாதம். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த அளவீடு இது.

இப்போது சிக்கலான இடம். சில சைட்டோசின்களில் செல்லே மெத்தில் குழுவை வைத்திருக்கும், மரபணுவை அணைத்து வைப்பதற்காக. குவானினுக்கு முன்னால் நிற்கும் சைட்டோசின்களுக்குத்தான் பெரும்பாலும் இந்த அடையாளம். அப்படிப்பட்ட சைட்டோசின் அமினோ குழுவை இழந்தால் என்ன வரும்? யூராசில் அல்ல, மெத்தில் உள்ள யூராசில். அதாவது தைமின். சொந்த எழுத்து! வேதியியல்படி அதில் ஒரு குறையும் இல்லை. எதிரில் அடினினுக்குப் பதில் குவானின் நிற்கிறது என்பது மட்டுமே தடயம்.

டிடிஜி என்ற நொதி இதற்காகவே இருக்கிறது. குவானினுக்கு எதிரில் தைமினைக் கண்டால் தைமினே தப்பு என்று எடுத்துக்கொண்டு வெட்டும். ஆனால் மெதுவாகத்தான். காரணம் மறுபடியும் அந்த மெத்தில். அது எலக்ட்ரானை வளையத்துக்குள் தள்ளுகிறது, ஏற்கெனவே எதிர்மின் சுமையோடு போக வேண்டிய எழுத்துக்கு அது கூடுதல் பாரம். மெத்திலுக்குப் பதிலாக எலக்ட்ரானை இழுக்கும் புளோரினை அதே இடத்தில் வைத்துப் பார்த்தார்கள். டிடிஜி பல மடங்கு வேகமாக வெட்டியது. நொதி அதேதான், எதிரில் குவானினும் அதேதான், மாறியது ஒரு குழுவின் இழுப்பு மட்டும். இந்த மந்தத்துக்கு நாம் கொடுக்கும் விலை பெரிது. சைட்டோசினும் குவானினும் அடுத்தடுத்து வரும் ஜோடிகள் மனித டிஎன்ஏவில் இருக்க வேண்டிய அளவில் கால்வாசிக்கும் குறைவாகத்தான் எஞ்சியிருக்கின்றன. மற்றவை பரிணாம காலத்தில் தைமினாகிக் கரைந்துவிட்டன. புற்றுநோயைத் தடுக்கும் பி53 மரபணுவில் அடிக்கடி கெடும் 175, 248, 273 ஆகிய மூன்று இடங்களும் இப்படிப்பட்ட ஜோடிகளே.

வெயிலைப் பற்றி விரிவாகச் சொல்லப்போவதில்லை. செம்பனைக் குலை வெட்டுபவரின் கழுத்தில் படும் புற ஊதாக் கதிர் அடுத்தடுத்த இரண்டு தைமின்களை ஒட்டிவிடுகிறது. ஒட்டியதை ஒவ்வொன்றாகக் கழற்ற முடியாது. இழையில் அந்தத் துண்டையே, இருபத்துச் சொச்சம் எழுத்துகளோடு, வேறு நொதிகள் வெட்டி எடுக்கின்றன. சேதத்தைக் கண்டுபிடிக்கும் எக்ஸ்பிசி புரதம் சேதத்தைத் தொடுவதே இல்லை. ஜோடி பிரிந்து நிற்கும் எதிர் இழையைத்தான் தடவிப் பார்க்கிறது. ஒட்டுவதில் இரண்டு வகை உண்டு. எனவே இழையை அதிகம் கோணலாக்கும் வகை சில மணி நேரத்தில் சரியாகிறது, கொஞ்சமாகக் கோணலாக்கும் வகை ஒரு நாளுக்கு மேலும் கிடக்கிறது. கங்காருவுக்கு இந்தக் கவலை குறைவு: நீல வெளிச்சத்தைக் கொண்டே ஒட்டைப் பிரிக்கும் நொதி அதனிடம் உண்டு, நம் வம்சம் அதை எப்போதோ தொலைத்துவிட்டது.

தோட்டம் என்றால் பாராகுவாட் என்ற களைக்கொல்லியைச் சொல்லாமல் போக முடியாது. முதுகில் பம்பைச் சுமந்து மருந்தடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2002-இல் தடை அறிவித்து, 2006-இல் தளர்த்தி, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் மலேசியாவில் அதை முழுவதும் நிறுத்தினார்கள். இழுத்தடித்த அந்த ஆண்டுகளுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பாராகுவாட் நேராக டிஎன்ஏவோடு ஒட்டுவதில்லை. செல்லிடமிருந்து ஓர் எலக்ட்ரானை வாங்கி ஆக்சிஜனிடம் கொடுக்கும், கொடுத்ததும் பழைய நிலைக்கு வந்து மறுபடி வாங்கும். கொஞ்சம் உள்ளே போனாலும் தீராமல் சுற்றிக்கொண்டே இருப்பது அதனால்தான். முதலில் பாழாவது நுரையீரல். டிஎன்ஏ பக்கம் பார்த்தால், இந்தச் சுற்றில் பிறக்கும் ஆக்சிஜன் வகைகள் சுண்ணாம்பும் பாக்கும் உண்டாக்குவதைப் போன்றவையே. வேலை மீண்டும் ஓஜிஜி1-க்கு.

வெற்றிலையின் இரண்டாவது வேதியியல் பாக்கி இருக்கிறது, மெத்தில். இது எந்த இடத்தில் ஒட்டுகிறது என்பதே எல்லாம். குவானினின் ஏழாம் நைட்ரஜனில் ஒட்டினால் எழுத்துக்கு நேர்மின் சுமை வந்துவிடும், சர்க்கரைப் பிணைப்பு தளரும், சில நாள்களில் தானே உதிரும். அடினினின் மூன்றாம் நைட்ரஜனிலும் அப்படித்தான். அங்கே வரும் நொதி அதிகம் பாடுபட வேண்டியதில்லை, ஏற்கெனவே ஆடும் பல்லைப் பிடுங்கும் வேலைதான். ஒரு பாக்டீரியா நொதி எழுத்தை வெளியே புரட்டாமலே இதைச் செய்துவிடுகிறது என்று 2015-இல் தெரிந்தபோது துறையில் பலருக்கும் ஆச்சரியம்.

குவானினின் ஆறாம் இடத்து ஆக்சிஜனில் ஒட்டினால் கதை வேறு. எண்ணிக்கையில் இது குறைவு, ஆனால் ஆபத்து இதில்தான். மின்சுமை இல்லை, பிணைப்பு தளரவில்லை, உதிராது. சைட்டோசினை விட்டுத் தைமினோடு ஜோடி சேர்ந்துகொள்ளும். எழுத்தை வெட்டும் வழி இங்கே எடுபடாததால் உடம்பு வேறு வழியில் போகிறது. எம்ஜிஎம்டி என்ற புரதம் வந்து, தன் 145-ஆவது இடத்திலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தகத்தில் அந்த மெத்திலை வாங்கிக்கொள்கிறது. எழுத்து பழையபடி குவானினாகிவிடும். ஆனால் வாங்கிய மெத்திலைத் திருப்பிக் கொடுக்க அந்தப் புரதத்துக்கு வழியில்லை. அதோடு அதன் ஆயுள் முடிந்தது, செல் அதைச் சிதைத்துவிடும். ஒரு சேதத்துக்கு ஒரு புரதம். தினமும் புகையிலை மென்றால் கையிருப்பு கரையும் என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இதே கணக்கை மூளைப் புற்றுநோய் மருத்துவர்கள் தலைகீழாகப் பயன்படுத்துகிறார்கள். டெமோசோலமைட் என்ற மாத்திரை செய்வதும் குவானினின் ஆறாம் இடத்தில் மெத்தில் ஒட்டுவதையே. கட்டியில் எம்ஜிஎம்டி நிறைய இருந்தால் மருந்து உண்டாக்கும் சேதத்தை அது அப்படியே துடைத்துவிடும். சில கட்டிகளில் எம்ஜிஎம்டி மரபணுவின் தொடக்கப் பகுதிச் சைட்டோசின்களில் மெத்தில் ஏறி மரபணு அணைந்திருக்கும். அந்த நோயாளிகளுக்கு மருந்து நன்றாகக் கேட்கிறது என்று 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே மெத்தில் குவானின் அப்படியே தங்கி, எதிரில் தைமின் வந்து உட்கார்கிறது. பொருந்தாத ஜோடியைத் திருத்த வரும் இன்னொரு கூட்டம், மோட்ரிச் நோபல் வாங்கியது இதற்குத்தான், புது இழையிலுள்ள தைமினை வெட்டி எடுக்கிறது. மெத்தில் குவானின் எதிரில் அசையாமல் இருப்பதால் மறுபடி தைமினே வருகிறது, மறுபடி வெட்டு. வெட்டி வெட்டி இழை அறுந்து, புற்றுநோய்ச் செல் சாகிறது.